தூரம்

மொழிபெயர்ப்புக் கோப்பு திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு வரிதான் சிவப்பாக இருந்தது. பதினான்கு பக்கத்தில் ஒரு வரி. ஓரத்தில் பணிவாக ஒரு குறிப்பு: ‘இது மட்டும் வேண்டாமே மேடம். வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள், சங்கடமாக இருக்கும்.’

அது பாஞ்சாலி பேசும் வரி. சூதாட்டத்தில் தருமன் எல்லாம் தோற்ற பிறகு, துச்சாதனன் அந்தப்புரத்துக்கு வந்து அவளைச் சபைக்கு இழுக்கிறான். நான் தூரமாக இருக்கிறேன், ஒற்றைப் புடவையில் இருக்கிறேன், பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்துக்கு வர முடியாது என்கிறாள் அவள். துகிலுரிதல் கூத்தில் இந்த இடத்தில்தான் கதை மூச்சை நிறுத்தும். அதைத்தான் எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள்.

அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலில் நின்றால் இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே ஏரி ஒரு துண்டு தெரியும். சாம்பார் கொதிக்க அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நின்றிருந்தேன். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். ஏனென்றால் இதே வேலையை வகுப்பறையில் நானே செய்திருக்கிறேன்.

பாரதியின் ‘பாஞ்சாலி சபத’த்தில் இதே இடம் உண்டு. 1912இல் முதற்பாகம் மட்டும் வெளிவந்தது. இந்தக் காட்சி இருக்கும் இரண்டாம் பாகம் அவர் மறைந்த பிறகுதான் அச்சேறியது. மாதவிலக்கு என்ற சொல்லைக் கூசாமல் பாஞ்சாலியின் வாயில் வைத்திருக்கிறார் பாரதி. வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று வருடங்கள் இருபாலரும் படிக்கும் வகுப்பில் அந்த இடம் வரும்போது என் குரல் வேகமெடுக்கும். பின்பெஞ்சில் ஒரு கனைப்பு கேட்கும். நான் அதற்குள் அடுத்த செய்யுளில் இருப்பேன். தேர்வில் அந்த வரி வராது என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொள்வேன். சிவப்பு அடித்தவரும் அந்தக் கனைப்புக்குத்தான் பயந்திருக்கிறார். அவருடைய பின்பெஞ்சில் வெளிநாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த வேலை என்னிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கலை அமைப்பு, பல நாடுகளிலிருந்து வரும் நாடக மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு கூத்து காட்ட விரும்பியது. திருவண்ணாமலைப் பக்கத்து ஜமா ஒன்றைப் பேசிவிட்டார்கள். இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய ஆடுகிற துகிலுரிதலை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்க வேண்டும், ஆங்கிலத்தில் புரிய வைக்க வேண்டும். தொலைபேசியில் பேசியவர் சொன்னார்: “ஜப்பான்காரங்க நோ நாடகத்தை இங்கிலீஷ்லயே ஆடுறாங்க மேடம். நம்மளும் அந்த லெவலுக்குப் போகணும்.”

அந்த லெவல் என்ன என்று பார்க்கத்தான் நோ பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். பதினான்காம் நூற்றாண்டில் கான்அமி என்பவரும் அவர் மகன் ஸெஅமியும் உருவாக்கிக் கொடுத்த வடிவம். முகமூடி, பட்டு அங்கி, ஒரு புல்லாங்குழல், மத்தளங்கள், ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து பாடும் குழு. மேற்குலகம் இதை முதலில் புத்தகத்தில்தான் அறிந்தது. ஃபெனலோசா விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு எஸ்ரா பவுண்ட் ஆங்கிலமாக்கினார். அதைப் படித்த யேட்ஸ் 1916இல் ‘பருந்தின் கிணற்றருகே’ என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் பருந்தாக ஆடிய இதோ மிச்சியோ ஜப்பானியர்தான், ஆனால் நோ பயின்றவர் அல்ல. 1921இல் நோ நாடகங்களை அழகான ஆங்கிலத்தில் கொடுத்த ஆர்தர் வேலி ஜப்பானுக்குப் போனதே இல்லை. இப்படி மூன்று தலைமுறைக்கு நோ என்பது ஆங்கிலத்தில் வெறும் கவிதையாக இருந்தது. பாட்டு இல்லை, தாளம் இல்லை.

பிறகு வந்த ரிச்சர்ட் எம்மர்ட் என்ற அமெரிக்கர் தலைகீழாக யோசித்தார். தோக்கியோவில் தங்கிப் பாடவும் ஆடவும் மத்தளம் அடிக்கவும் கற்றுக்கொண்டார். பாட்டையும் தாளத்தையும் அடவையும் அப்படியே வைத்துக்கொண்டு மொழியை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டார். 2000இல் ‘தியேட்டர் நோகாக்கு’ என்ற குழு அப்படித் தொடங்கியது. ஏழு அசை, ஐந்து அசை என்று பன்னிரண்டு அசைகளை எட்டுத் தட்டில் உட்கார வைப்பது நோ பாட்டின் கணக்கு. ஆங்கிலச் சொற்களுக்கு அந்த அளவு தெரியாது. அசையை நீட்டியும் மடக்கியும் அந்தக் கணக்குக்குள் கொண்டுவந்தார்கள். நான் பார்த்த காணொளியில் முகமூடிக்குப் பின்னாலிருந்து ஆங்கிலம் நிலத்துக்கு அடியிலிருந்து வருகிறது போல மெதுவாக வந்தது. நடுநடுவே மத்தளக்காரர்களின் “யோ”, “ஹோ” என்ற கூவல். மொழி புரிந்தது. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தபோது புரிவது இரண்டாம்பட்சமாக இருந்தது.

எனக்குக் கூத்துதான் நினைவுக்கு வந்தது. நோவில் ஓரத்தில் உட்காரும் பாட்டுக்குழு கதாபாத்திரத்தின் மனசைத் தானே பாடும். நம் பின்பாட்டுக்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். நோ மேடையில் ஐந்து நிறத் திரையைக் கோல்களால் தூக்குவார்கள். இங்கே இரண்டு பேர் கையில் பிடித்து நிற்பார்கள். இன்னும் ஒரு ஒற்றுமை மொழிபெயர்ப்பாளருடைய தூக்கத்தைக் கெடுப்பது. திரைக்குப் பின்னால் நின்று பாஞ்சாலி தன் வருகையைத் தானே பாடும்போது, பாஞ்சாலி வந்தாள் என்று படர்க்கையில்தான் பாடுவாள். திரை விலகிய சற்று நேரத்தில் நான் என்று தன்மைக்கு வந்துவிடுவாள். ‘அவள்’ எப்போது ‘நான்’ ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை. நோவிலும் பாட்டுக்குழு அவளாகவும் அவளைப் பற்றியும் ஒரே மூச்சில் பாடும். ஜப்பானிய மொழி எழுவாயைச் சொல்லாமலே தப்பித்துக்கொள்ளும். ஆங்கிலம் விடாது. அவளா நானா, ஒன்றைச் சொல் என்று கழுத்தைப் பிடிக்கும்.

அந்தச் சனிக்கிழமை கூத்து வாத்தியார் வீட்டுக்கு வந்தார். கூடவே கட்டியக்காரன் வேஷம் போடுகிற பெரியவர் ஒருவரும், வாத்தியாரின் மகளும். கோயம்பேட்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். மகளுக்கு இருபது, இருபத்தொன்று இருக்கும். பி.காம். முடித்திருந்தாள். அப்பாவுக்குப் பெண் வேஷப் புடவை மடிப்பது, பின் குத்துவது, அரிதாரம் குழைப்பது அவள் வேலை. வாத்தியார்தான் பாஞ்சாலி. ஐம்பத்தைந்து வயதில், மீசையில்லாத முகம், காதில் துளை.

சிவப்பு வரியைக் காட்டினேன். வாத்தியார் கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தார். ஆங்கிலம் அவருக்குப் படிக்க வராது. ஆனால் எந்த இடம் என்று நான் சொன்னதும் நிமிர்ந்தார்.

“அத்த எடுத்துட்டா அவ எதுக்கும்மா வரமாட்டேங்கறா? வெறும் முரண்டுன்னு ஆயிடும். அவ முரண்டு பண்ணல. நியாயம் சொல்றா.”

பத்து வருடப் படிப்பும் ஆய்வேடும் எனக்குச் சொல்லித் தராத வாசிப்பு அது. அந்த வரி இருந்தால் சபையில் இருக்கும் அத்தனை பேரும் தங்கள் சட்டத்தைத் தாங்களே மீறியவர்கள். தூரமான பெண்ணைத் தொடாதே, பார்க்காதே என்று விதி வகுத்தவர்கள் தேவைப்பட்டபோது அவளை முடியைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். வரி இல்லாவிட்டால் அவள் வெறும் பாவப்பட்ட பெண்.

“நான் ராத்திரி பூரா சிரிக்க வெப்பேம்மா,” என்றார் கட்டியக்காரர். “அந்த எடம் வந்தா வாய் தொறக்க மாட்டேன். அங்க ஜனங்க கும்புட்டுகினு இருக்கும்.”

உண்மைதான். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் துகிலுரிதல் இரவு வெறும் நாடகம் அல்ல. பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து ஆடுவார்கள். கடைசியில் படுகளமும் தீமிதியும். புடவையில் கை வைக்கும் முன் துச்சாதன வேஷக்காரர் கூத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவதுண்டு. பார்க்கிற பெண்களுக்கு அருள் வந்துவிடும்.

ஆனால் எல்லாப் பெண்களும் அங்கே இருக்க முடியாது. அதுதான் நான் வாத்தியாரிடம் கேட்க நினைத்து அன்று கேட்காமல் விட்டது.

செய்யாறு பக்கத்தில் என் ஆயா ஊர். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறை. பெரியவளாகி நாலாவது மாதம். ஊரில் காப்புக் கட்டியிருந்தார்கள். துகிலுரிதல் அன்று காலையில் எனக்கு வந்துவிட்டது. மாட்டுக்கொட்டகையை ஒட்டிய தாழ்வாரத்தில் பாயும் சொம்பும் வைத்து என்னை உட்கார வைத்தார்கள். காப்புக் கட்டின ஊரில் தெருவிலேயே இறங்கக் கூடாது. வீட்டில் எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூத்துக்குப் போய்விட்டார்கள். ஆயா மட்டும் எனக்குத் துணை. கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாய் எங்கள் பக்கம் திரும்பியிருந்ததால் கூத்து முழுவதும் கேட்டது.

நடுச்சாமத்துக்கு மேல் ஒரு ஆண் குரல், நான் தூரமாக இருக்கிறேன் என்று உச்ச சுருதியில் பாடியது. ஊர் முழுவதும் கேட்கப் பாடியது. வீட்டில் அம்மா அப்பாவிடம்கூடக் கண்ணால் மட்டும் சொல்கிற விஷயம். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

“ஆயா, பாஞ்சாலிக்கும் தூரமா?”

“ஆமா.”

“அப்ப நான் ஏன் போகக் கூடாது?”

“அவ சாமி. நீ பொண்ணு,” என்றாள் ஆயா. கொஞ்ச நேரம் கழித்து, “தூங்கு,” என்றாள்.

சாமிக்குத் தூரம் வந்தால் அது கதை. பெண்ணுக்கு வந்தால் தீட்டு. அந்தக் கதையையும் தூரமே வராத ஒருவர்தான் பாட வேண்டும். பதின்மூன்று வயதில் இதை இப்படிச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் எங்கோ ஒரு பிழை இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. பிற்பாடு தமிழ் படிக்கப் போனதற்கு அந்தத் தாழ்வாரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

படிக்கப் போன இடத்திலும் அது துரத்தியது. பூப்பு என்று தொல்காப்பியம் சொல்கிறது. எவ்வளவு நல்ல சொல். ஆனால் புறநானூற்றின் 299ஆம் பாட்டில், பகைவரின் குதிரைகள் ஒதுங்கி நிற்பதற்கு உவமை தேடும்போது, பாத்திரத்தைத் தொடக் கூடாத நாட்களில் முருகன் கோட்டத்தில் ஒதுங்கி நிற்கும் பெண்கள் வருகிறார்கள். எழுதியவர் பொன்முடியார், ஒரு பெண். அந்த ஒதுக்கம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நம் பேச்சில் புழங்குபவை எல்லாம் ஒதுக்கத்தின் சொற்கள்தான். மாதவிலக்கு, வீட்டுக்கு விலக்கு, தூரம். உடம்புக்கு என்ன நடக்கிறது என்று எதுவும் சொல்வதில்லை. உடம்பை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்கின்றன.

ஆங்கிலத்தில் இதற்கு என்ன போடுவது? எங்கள் கல்லூரியில் பீரியட் என்றால் ஐம்பது நிமிட வகுப்பு. மருத்துவச் சொல்லைப் போட்டால் பாஞ்சாலி ஆஸ்பத்திரிச் சீட்டு வாசிப்பது போலிருந்தது. அசுத்தம் என்ற பொருளில் போட்டால், அவள் சொல்லாத ஒன்றை அவள் வாயில் வைக்கிறேன். தூரம் என்பதை அப்படியே தொலைவு என்று போட்டால் கேட்பவருக்கு ஒன்றும் புரியாது. நான்கு நாள் எழுதி எழுதி அடித்தேன்.

அந்த நான்கு நாளில்தான் ‘தோஜோஜி’ என்ற நோ நாடகத்தைப் படித்தேன். ஒரு கோயிலில் புது மணி ஏற்றுகிறார்கள். பெண்கள் யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தலைமைப் பிக்கு உத்தரவு. ஆட்டக்காரி ஒருத்தி வந்து வாசலில் நிற்கிறாள். காவலுக்கு இருக்கும் வேலையாள், சிரிக்க வைக்கிற பாத்திரம், மனமிளகி அவளை உள்ளே விடுகிறான். அவள் ஆடி ஆடி மணிக்குக் கீழே போய்ப் பாய்கிறாள். மணி இடிபோல விழுகிறது. முன்னொரு காலத்தில் ஒரு பெண் தன்னை ஏமாற்றிய துறவியைத் துரத்தி, பாம்பாக மாறி, அவன் ஒளிந்த மணியைச் சுற்றிக்கொண்டு அவனை எரித்துவிட்டாள் என்பது பழங்கதை. மணியைத் தூக்கினால் உள்ளே அந்தப் பாம்பு. பெண்ணை உள்ளே விடாதே என்ற ஒரு உத்தரவின் மேல் கட்டிய நாடகம். அந்தப் பெண்ணாக நூற்றாண்டுகளாக ஆண்கள் ஆடினார்கள்.

பெண்ணின் குரலை நோ நடிகர் போலி செய்வதில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். இளம்பெண்ணின் முகமூடி சிறியது. அதற்குக் கீழே ஆணின் தாடை தெரியும். குரல் அடிவயிற்றிலிருந்து கட்டையாகவே வரும். அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் முகமூடி போட்டால் யார் வேண்டுமானாலும் பெண்ணாகலாம் என்றால் பெண்ணும்தானே ஆகலாம்? தொழில்முறை நோ கலைஞர்களின் சங்கத்தில் பெண்களை உறுப்பினர்களாகச் சேர்த்தது 1948இல்தான். கித்தா மரபில் தொழில்முறைக் கலைஞராக முதலில் வந்த பெண் ஓஷிமா கினுஎ. புக்குயாமாவில் நோ அரங்கம் நடத்தும் குடும்பத்தின் மகள். ஜேனட் சியோங் என்ற பெண் ஆங்கிலத்தில் எழுதிய ‘பகோடா’ என்ற நோவை 2009இல் ஐரோப்பாவில் மேடையேற்றியபோது அந்தக் குடும்பமும் தியேட்டர் நோகாக்கும் கைகோத்தார்கள். ஆங்கில நோவில் பெண்கள் எழுதுகிறார்கள், ஆடுகிறார்கள், பாட்டுக்குழுவில் உட்கார்கிறார்கள். அந்த மொழியில் அறுநூறு வருடத் தடை எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. இது எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. மொழிபெயர்ப்பில் ஏதாவது தொலைந்துதான் போகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவள் நான். தொலைய வேண்டியதும் தொலையும் போலிருக்கிறது.

அது எனக்கே நடந்தது. அரங்கத்தில் திரை வைத்து எழுத்து ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. ஒத்திகையில் வாத்தியார் பிடிவாதமாக மறுத்துவிட்டார். “எல்லாக் கண்ணும் அங்க போயிடும்மா. நான் யாருக்கு ஆடறது?” அப்படியானால் யாராவது அவ்வப்போது வாயால் சொல்ல வேண்டும். யார்? நான்தான். எங்கே உட்கார்வது? தாளக்காரரின் குரலோடு என் குரல் சேர வேண்டுமானால் மேளத்துக்குப் பக்கத்தில்தான்.

முகவீணைக்காரர் வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டார். “மேளத்துல பொம்பள உக்கார்றது வழக்கமில்ல.”

கட்டியக்காரர் எட்டிப் பார்த்தார். “அவங்க பேசப்போறது இங்கிலீஷு. இங்கிலீஷுக்கு ஏது தீட்டு?”

எல்லாரும் சிரித்தார்கள். முகவீணைக்காரரும் சிரித்துவிட்டு ஒரு பாய் அகலத்துக்கு நகர்ந்தார். வாத்தியாரின் மகள் மட்டும் சிரிக்கவில்லை. புடவை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். அப்பா ஒத்திகையில் விடும் ஒவ்வொரு வரியும் அவள் வாயில் ஓடியது. முழுக் கூத்தும் அவளுக்குப் பாடம். நான் உட்கார்ந்த அந்தப் பாய் அகலம், தமிழ் தெரிந்த அவளுக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

இதை எழுதும்போது ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழில் பெண்கள் கூத்தாடவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில், பெ. ராஜகோபாலும் ஹன்னே டி புருயினும் முன்னின்று நடத்திய கட்டைக்கூத்து குருகுலம் 2002 முதல் பையன்களோடு பெண்பிள்ளைகளுக்கும் கூத்து சொல்லிக்கொடுத்தது. அங்கிருந்து கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி ஆடும் பெண்கள் வந்தார்கள். பக்கத்துக் கேரளத்தில் கூடியாட்டத்தின் பெண் பாத்திரங்களை நங்கியார் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஆடி வருகிறார்கள். 2001இல் யுனெஸ்கோ முதன்முதலாகச் சிறப்பித்த மரபுகளில் நோவும் கூடியாட்டமும் ஒரே பட்டியலில் இருந்தன. வாத்தியாருக்கும் இதெல்லாம் தெரியும். “காஞ்சிபுரம் பக்கம் பொண்ணுங்க ஆடுது, நானே பாத்திருக்கேன். நல்லாவே ஆடுது,” என்றார். “எங்க ஊருல ஒத்துக்க மாட்டாங்க.” ஊர் என்பது யார் என்று கேட்டேன். பதில் இல்லை.

நிகழ்ச்சி நாள் வந்தது. நாற்பத்தாறு வயதில் உடம்பு தேதி பார்ப்பதில்லை. மூன்று மாதமாக வராமலிருந்தது அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒப்பனை அறைக் கழிப்பறையில் வந்தது. வெளியே பூஜைக்குக் கூப்பிடுகிறார்கள். வாத்தியார் முழுப் பாஞ்சாலியாக, கிரீடம் மட்டும் வைக்காமல், தேங்காய் உடைத்துத் தட்டை ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு வந்தார். என் முன்னால் தட்டு நின்றது. எடுத்துக் குங்குமம் வைத்துக்கொண்டேன்.

சொல்லவில்லை. என் உடம்பு, நான் ஏன் சொல்ல வேண்டும் என்ற பதில் எனக்குத் தயாராகவே இருந்தது. இருந்தாலும், அந்த மனிதர்களுக்கு அது நம்பிக்கை. என்னை நம்பித் தட்டு நீட்டினார்கள். மறைத்தது அவமரியாதையா, சொல்லியிருந்தால் என்னை நானே தள்ளி வைத்துக்கொண்டிருப்பேனா? இரண்டு பக்கமும் எனக்கு இன்னும் வாதம் இருக்கிறது.

கூத்து தொடங்கியது. திரைக்குப் பின்னாலிருந்து பாஞ்சாலி தன்னைப் படர்க்கையில் பாடியபோது ஆங்கிலத்தில் ‘அவள்’ என்றேன். திரை விலகியபோது ‘நான்’ என்றேன். நடுவில் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. யாரும் குழம்பவில்லை. துச்சாதனன் முடியில் கை வைத்தான். வாத்தியார் அந்த வரியை உச்சத்தில் பிடித்து நிறுத்தினார். மிருதங்கம் நின்றது. இரண்டு தட்டு இடைவெளி. சிவப்பு அடித்த வரி எனக்குப் பார்க்காமலே தெரியும். “ஐ ஆம் ப்ளீடிங்,” என்றேன். நான்கு நாள் தேடியது கடைசியில் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற மூன்று சொல்லாக இருந்தது. அதில் தீட்டும் இல்லை, தூரமும் இல்லை. நடக்கிறது என்னவோ அது மட்டும் இருந்தது. அந்த அரங்கத்தில் அதைச் சொன்ன இரண்டு பேரில் ஒருத்திக்கு அது அந்த நிமிடத்தின் உண்மையாகவும் இருந்தது.

சங்கடம் என்று பயந்தார்களே, அப்படி எதுவும் நடக்கவில்லை. கனைப்பு இல்லை. முன்வரிசையில் ஒரு பெண் கையை வாயில் வைத்துக்கொண்டதைப் பார்த்தேன். முடிந்த பிறகு ஏற்பாட்டாளர் என்னிடம் அந்த வரியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நல்லா இருந்துச்சு மேடம் என்றார். மற்ற பேச்செல்லாம் முகவீணையையும் கட்டை அலங்காரத்தையும் பற்றித்தான். ஒரு மாணவி மட்டும் என்னிடம் வந்து கேட்டாள்: “அந்த நாட்களில் இருக்கும் பெண்கள் இதைப் பார்க்க வரலாமா?” முதல் முறை பார்ப்பவளுக்கு முதல் கேள்வியாக இது தோன்றுகிறது. எனக்குத் தாழ்வாரத்திலிருந்து இந்த மேடைவரை வர முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அரங்கத்துக்கு வரலாம், கோயிலுக்கு வரக் கூடாது என்றேன். ஏன் என்றாள். கதை நீளம் என்றேன்.

ஒப்பனை அறையில் வாத்தியாரின் மகள் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மெதுவாக அவளிடம் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மடிப்பில் கண்ணை வைத்தாள்.

“எத்தினி வருஷமா இந்தப் பொடவைய நான் மடிக்கிறேன்க்கா. மாசம் முப்பது நாளும்தான் மடிக்கிறேன். அப்பாவுக்குத் தெரியாது.” கடைசிப் பின்னைப் பெட்டியில் போட்டாள். “அம்மனுக்குத் தெரியும்ல.”

அடுத்த நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது நான் ஒரு நிபந்தனை வைத்தேன். ஆங்கிலம் நான் சொல்கிறேன்; பின்பாட்டில் வாத்தியாரின் மகள் தமிழில் பாட வேண்டும். வாத்தியார் இரண்டு வாரம் யோசித்தார். பிறகு போன் செய்தார். “ஆல்னா சரிம்மா. பாடட்டும்.” ஊரில்? “ஊருல கேக்கணும்.” இந்த வருடம் பங்குனியில் அவர்கள் ஊர்த் திருவிழாவில் கேட்டாரா என்று எனக்குச் சொல்லவில்லை. அவள் அங்கே பாடவில்லை என்பது மட்டும் தெரியும்.

இங்கிலீஷுக்குத் தீட்டு இல்லை என்று கட்டியக்காரர் சொன்னது நகைச்சுவைதான். ஆனால் அந்த நகைச்சுவை வழியாகத்தான் நான் உள்ளே போனேன், தோஜோஜி வாசலில் நின்ற ஆட்டக்காரி மாதிரி. அந்நிய மொழி எனக்குக் கொடுத்தது விருந்தாளியின் மரியாதை. விருந்தாளி எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எழுந்து போய்விடுவாள். வீட்டுப் பெண் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் பயம்.

இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறு அவள் அயனம்பாக்கத்துக்கு வருகிறாள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நானும் அவளும் அடுத்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கிறோம். அவள் பாடி நிறுத்த வேண்டும், நான் சொல்ல வேண்டும். போன வாரம் அந்த வரி வந்தபோது குரலைச் சட்டென்று தணித்துக்கொண்டாள். கீழ்வீட்டு மாமா செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“ஏன் நிறுத்திட்ட?”

“கேக்கும்க்கா.”

“கேக்கட்டும்.”

கைப்பிடிச் சுவர்வரை போய்க் கீழே எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தாளத்தை எடுத்தாள். முதலிலிருந்து, உச்ச சுருதியில், ஆரம்பித்தாள்.